ஜான்சன் கிரீக் ஓடுதளம்: வெந்நீர் வசதி பிரமாதம், மலைக்காற்றில்தான் கவனம் வேண்டும்

அமெரிக்காவின் ஐடஹோ மலைகளுக்குள் சிறு விமானத்தில் போய் இறங்கி, அதன் இறக்கைக்குக் கீழேயே கூடாரம் போட்டுத் தூங்க ஆசைப்படுகிற விமானிக்கு முதலில் சொல்லக்கூடிய இடம் ஜான்சன் கிரீக்தான். விமான வரைபடத்தில் 3யூ2 என்று போட்டிருக்கும். ஐடஹோ மாநில அரசின் வானூர்திப் பிரிவு நடத்தும் பொது ஓடுதளம் இது. நீளம் 3,400 அடி, அகலம் 150 அடி, முழுக்கப் புல்தரை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,930 அடி உயரம். கோடையில் தண்ணீர் பாய்ச்சி, புல் வெட்டி, தங்குபவர்களைக் கவனித்துக்கொள்ள ஒரு பராமரிப்பாளர் இருப்பார். வெந்நீர் ஷவரே உண்டு.

சிக்கல் அந்த ஷவரில்தான் ஆரம்பிக்கிறது. இவ்வளவு வசதியுள்ள இடத்துக்குப் போவதும் வருவதும் சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஓடுதளம் சுலபம், அதைச் சுற்றியிருக்கும் பள்ளத்தாக்கு அப்படியல்ல. முகாமாகப் பார்த்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம். முதல் தடவையே துணையில்லாமல் போகக்கூடிய இடமா என்றால், இல்லை.

முகாமை முதலில் பார்த்துவிடுவோம். ஓடுதளத்தின் ஓரத்திலேயே விமானத்தை நிறுத்தி, பக்கத்தில் கூடாரம் போடலாம். கழிப்பறை, குடிதண்ணீர், தீமூட்டும் இடங்கள், வைஃபை எல்லாம் இருக்கின்றன. மூன்று மைல் வடக்கே யெல்லோ பைன் என்ற குட்டி ஊருக்குப் போய்வர விருந்தினர் வண்டியும் உண்டு (எடுத்தால் பெட்ரோலுக்குப் பணம் வைத்துவிட்டு வருவதுதான் மரியாதை). நிரந்தரமாக வசிப்பவர்கள் மிகக் குறைவான அந்த ஊரில் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும் ஹார்மோனிகா விழாவுக்குக் கூட்டம் குவியும். அந்த வாரக் கடைசியிலும் ஜூலை மாதச் சனி, ஞாயிறுகளிலும் ஜான்சன் கிரீக்கில் விமானங்கள் வரிசைகட்டி நிற்கும். தனிமையைத் தேடி வருபவர்கள் செவ்வாய், புதன் பார்த்து வருவது நல்லது. செல்பேசிச் சிக்னலை நம்பிப் பயணம் திட்டமிட வேண்டாம்.

இங்கே எரிபொருள் கிடையாது. நேர்க்கோட்டில் 26 நாட்டிகல் மைல் மேற்கே உள்ள மெக்காலில் நிரப்பிக்கொண்டுதான் வர வேண்டும். தூரம் குறைவு என்பதால் டேங்கை நிரப்பத் தேவையில்லை. உண்மையில் நிரப்பவே கூடாது. அதற்கான கணக்கு பின்னால் வருகிறது.

வந்து இறங்குவதைப் பார்ப்போம். ஜான்சன் கிரீக் ஓடை தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. ஓடுதளமும் அதே வாக்கில்தான்: 17, 35. காற்று அனுமதித்தால் மேல்நோக்கி, அதாவது தெற்கு பார்த்து 17-இல் இறங்குவதும், தண்ணீர் ஓடும் திசையில், வடக்கு பார்த்து 35-இல் கிளம்புவதும் வழக்கம். காரணம் எளிது. கிளம்பும்போது நிலம் உங்களோடு சேர்ந்து தாழ்ந்துகொண்டே போகும். தெற்கே கிளம்பினால் நிலம் ஏறிக்கொண்டே வரும். காற்றில்லாத நல்ல வெயில் நாளில் 172 வகை செஸ்னா அந்த ஏற்றத்தை முந்தி ஏற முடியாமல் திணறும்.

இறங்கும் பாதை நேர்க்கோடு இல்லை. பள்ளத்தாக்கின் வளைவோடு வளைந்து வர வேண்டியிருப்பதால், சமவெளி விமான நிலையத்தில் பழகியதுபோல ஓடுதளத்தை இரண்டு மைல் முன்பிருந்தே கண்ணில் வைத்துக்கொண்டு சரிவைச் சரிபார்க்க முடியாது. வேகம், உயரம், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் மடல்) மூன்றையும் அந்த வளைவுக்கு முன்பே முடித்துவைத்திருக்க வேண்டும். வளைவைத் தாண்டிய பிறகு ‘கொஞ்சம் உயரமாக இருக்கிறோமே’ என்று மூக்கை அழுத்தினால் வேகம் கூடும், புல்லில் மிதந்துகொண்டே பாதி ஓடுதளம் போய்விடும். சந்தேகம் வந்தால் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) முடிவைச் சீக்கிரம் எடுங்கள். அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே வரும் தெற்குப் பள்ளத்தாக்குதான் முன்னால் இருக்கும் என்பதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

பள்ளத்தாக்கில் கண்ணை ஏமாற்றும் விஷயங்கள் இரண்டு. முதலாவது, தொடுவானம் இல்லாதது. எதிரே உள்ள மலைச்சரிவைத் தொடுவானமாக மனம் எடுத்துக்கொள்ளும். அதற்குச் சமமாக வைக்க மூக்கைத் தூக்குவோம், வேகம் சத்தமில்லாமல் கழன்றுபோகும். இரண்டாவது, தரையின் வேகம். 30 டிகிரி செல்சியஸ் வெயிலில் இந்த உயரத்துக் காற்று 7,900 அடியில் இருக்கும் காற்றைப் போல மெலிந்திருக்கும். டென்சிட்டி ஆல்டிட்யூட் என்பது இதுதான். கருவியில் 65 நாட்ஸ் காட்டும்போது உண்மை வேகம் அதைவிட எட்டில் ஒரு பங்கு அதிகம். மரங்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதாகத் தெரியும், கை தானாக வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். கருவி காட்டும் வேகத்தை மட்டும் நம்புங்கள். வழக்கமான அணுகு வேகம் எதுவோ, அதே எண்தான் இங்கேயும். இறங்கும் தூரம் மட்டும் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும். செஸ்னா கையேடு காய்ந்த புல்லில் இறங்கினால் தரையோட்டத்தில் 45 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது. காலைப் பனியில் நனைந்த புல்லில் பிரேக் இன்னும் மோசம்.

திரும்பும் வட்டத்தின் அளவு வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். இதை எண்களாகவே பார்த்துவிடலாம். 100 நாட்ஸ் உண்மை வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 3,100 அடி. அதையே 70 நாட்ஸில் செய்தால் 1,500 அடிதான். அதனால்தான் பள்ளத்தாக்குக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் ஃப்ளாப் விட்டு, நடுவில் போகாமல் வலப்பக்கச் சரிவை ஒட்டிப் பறக்கச் சொல்கிறார்கள். திரும்ப வேண்டி வந்தால் முழு அகலமும் இடப்பக்கம் காலியாக இருக்கும். எதிரே வருகிறவரும் அவருடைய வலப்பக்கத்தை ஒட்டி வருவார். மலைமுகட்டைக் கடக்கும்போது நேராகப் போகாமல் 45 டிகிரி சாய்வாக, குறைந்தது 1,000 அடி மேலே கடந்தால், கீழிறக்கும் காற்று பிடித்தாலும் கால் வட்டம் திரும்பித் தப்பலாம். முகட்டுக் காற்று 25 நாட்ஸுக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்று மெக்காலிலேயே தங்கிவிடுவது மேல்.

ரேடியோ 122.9. ஐடஹோ காட்டு ஓடுதளங்களில் பல இதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. ஜூலைச் சனிக்கிழமையில் காது நிறையப் பேச்சு இருக்கும். எனவே ஓடுதளத்தின் பெயரைப் பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லுங்கள். திசை, தூரம் மட்டும் சொல்லாமல், ‘யெல்லோ பைன் மேலே, 6,500 அடி, ஜான்சன் கிரீக் 17-க்கு வருகிறோம்’ என்று நிலத்தில் தெரியும் இடத்தைச் சொன்னால்தான் மற்றவர் தலையைத் திருப்பிப் பார்க்க முடியும். தொட்டுத் தொட்டு ஏறிப் பழகும் பயிற்சிக்கு இது இடமில்லை. கீழே கூடாரங்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.

காற்றின் நேரக் கணக்குதான் இந்த இடத்தின் உயிர்நாடி. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, ஓடையைப் போலவே பள்ளத்தாக்கின் வழியாகக் கீழே, வடக்கே வழியும். விடிகாலையில் தெற்கிலிருந்து மெல்லிய காற்று வீசுவது இதனால்தான். இறங்குபவருக்கு அது எதிர்க்காற்று, வரப்பிரசாதம். கிளம்புபவருக்கு அதே காற்று பின்காற்று. வெயில் ஏறியபின் நிலைமை தலைகீழ்: சூடான காற்று பள்ளத்தாக்கில் மேல்நோக்கி, வடக்கிலிருந்து தெற்காக ஊரும். அப்போது 17-இல் இறங்குபவருக்குப் பின்காற்று. செஸ்னா கையேட்டின்படி ஒவ்வொரு 2 நாட்ஸ் பின்காற்றுக்கும் 10 சதவீதம் தூரம் கூடும். 6 நாட்ஸ் என்றால் 30 சதவீதம். பிற்பகலில் கூடவே இடிமேகமும் கிளம்பும். ஆகவே வருவது காலையில், மதியத்துக்குள் சக்கரம் நின்றுவிட வேண்டும். கிளம்புவதும் காலைதான். ஆனால் வெயில் பள்ளத்தாக்கின் அடியைத் தொட்டு, இரவுக் காற்று அடங்கி, பகல் காற்று எழும் முன் இருக்கும் அந்த அமைதியான இடைவெளியில் கிளம்புங்கள். காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தால் அந்த நேரம் தானாகத் தெரியும்.

மலைச்சுவர்கள் உயரமாக இருப்பதால் சூரிய உதயத்துக்கும் வெயில் தரையைத் தொடுவதற்கும் நல்ல இடைவெளி உண்டு. செப்டம்பரில் இது பெரிய தொல்லை. இறக்கையில் உறைபனி படிந்திருக்கும், வெயில் வராமல் கரையாது. மெல்லிய படலம்தானே என்று கிளம்பக் கூடாது. உப்புத்தாள் போன்ற அந்தச் சொரசொரப்பு இறக்கையின் தூக்குவிசையைத் தின்றுவிடும். இறக்கை உறை ஒன்று இருந்தால் இந்தக் காத்திருப்பு மிச்சம்.

கிளம்பும் முறை. சரளையில் நின்றுகொண்டு என்ஜினை முறுக்கிச் சோதிக்காதீர்கள். புரொப்பெல்லர் கல்லை உறிஞ்சித் தன் முனையிலேயே வெட்டு வாங்கிக்கொள்ளும். நல்ல புல் உள்ள இடமாகப் பார்த்துச் சோதனையை முடியுங்கள். டர்போ இல்லாத என்ஜின் 1,000 அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். 7,900 அடிக் காற்றில் 160 குதிரைசக்தி என்ஜினிடம் 120-ஐத் தாண்டி அதிகம் எதிர்பார்க்க முடியாது. அதையும் மிக்ஸ்சரை (எரிபொருள், காற்றுக் கலவையை மாற்றும் கைப்பிடி) சரியாக வைத்தால்தான் கொடுக்கும். த்ராட்டிலை முழுதாகத் திறந்து, மிக்ஸ்சரை மெல்ல வெளியே இழுத்து, ஆர்பிஎம் உச்சத்துக்கு வந்து விழத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். கடல் மட்டத்தில் பழகிய கை மிக்ஸ்சரை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுத்தான் கிளம்பும். என்ஜின் எரிபொருளில் மூச்சுத்திணறிக்கொண்டு ஓடும், விமானம் தரையை விட மறுக்கும். இறங்கும்போதும் அதே கதைதான். மிக்ஸ்சரை உயரத்துக்கு ஏற்ற இடத்தில் வைத்துக்கொண்டு இறங்கினால்தான் கோ-அரவுண்டில் சக்தி கிடைக்கும்.

ஓடத் தொடங்கியதும் யோக்கை (விமானத்தின் கைச்சக்கரம்) பின்னால் இழுத்தே வைத்து மூக்குச் சக்கரத்தின் பாரத்தைக் குறையுங்கள். செஸ்னா 182-இல் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. கனமான மூக்கோடு மேடுபள்ளத்தில் இடித்தால் என்ஜினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகடு மடங்கும். அந்தப் பழுதுக்கு ஆகும் செலவில் பல கோடைகள் முகாம் போடலாம். முடிவெடுக்கும் புள்ளியை நடந்தே போய்க் குறித்துவையுங்கள்: ஓடுதளத்தின் பாதி, 1,700 அடி. அங்கே வரும்போது தரையை விடும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 55 நாட்ஸில் எழும் விமானத்துக்கு அது 39 நாட்ஸ். வரவில்லையா, த்ராட்டிலை மூடி நிறுத்திவிடுங்கள். மீதிப் பாதி நிற்பதற்குப் போதும்.

இனி சுமை. உதாரணத்துக்கு ஒரு 172 என் மாடல்: அதிகபட்ச எடை 2,300 பவுண்டு, கருவிகளோடு வெற்று எடை 1,450 என்று வைத்துக்கொள்வோம். மலைக்குப் போகும்போது அதிகபட்சத்தில் 10 சதவீதம் குறைத்தே ஏற்றுங்கள், அதாவது 2,070. மிச்சம் 620 பவுண்டு. இரண்டு பேருக்கு 360 போனால் 260. எரிபொருள் காலனுக்கு 6 பவுண்டு. 30 காலன் ஊற்றினால் 180 போய், மூட்டைக்கு 80 பவுண்டுதான் மிஞ்சும். மெக்காலில் 25 காலனோடு நிறுத்திக்கொண்டால் 110 கிடைக்கும். போகவர ஒரு மணி நேரத்துக்குள், அதற்குமேல் வானிலை வழிமறித்தால் வேறு இடம் தேடிப் போக ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் மிச்சம் இருக்கும். இதைவிடக் குறைக்க வேண்டாம். 172-இன் பின்பக்கச் சாமான் இடத்தின் வரம்பு 120 பவுண்டு. அந்த வரம்புக்குள் இருந்தாலும் கனமானதை முன்னால், பின் இருக்கையின் மேல் வைத்து வலைபோட்டுக் கட்டுங்கள். முகாம் சாமான் எப்போதும் பின்னால்தான் சேரும். எடைமையம் பின்னால் போனால் மூக்கு லேசாகி, ஸ்டாலிலிருந்து (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) மீள்வது கடினமாகும்.

குடிதண்ணீர் அங்கேயே கிடைப்பதால் சுமக்கத் தேவையில்லை. அவசரத்துக்கு ஒரு காலன் போதும். தூங்கும் பை மட்டும் கனமானதாக இருக்கட்டும். ஜூலையிலும் இரவு நன்றாகக் குளிரும். விமானத்தைக் கட்டும் கயிறும் முளையும் உங்களுடையதாக இருக்கட்டும், அது ஏறத்தாழ 10 பவுண்டு. சக்கரக் கட்டை, கண்ட்ரோல் பூட்டு, பிட்டோ குழாய் (வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் குழாய்) உறை மூன்றையும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சின்னக் குழாய்க்குள் ஒரே இரவில் பூச்சி வீடு கட்டும். மறுநாள் தரையில் ஓடும்போது வேகமானி உயிரோடு இல்லை என்பது தெரியவரும்.

உயரத்தால் வரும் தொந்தரவுகளும் உண்டு. 9,500 அடியில் சிப்ஸ் பாக்கெட் பலூனாகும், சன்ஸ்கிரீன் குப்பி மூடியைத் திறந்ததும் பீச்சும். திரவ எரிபொருள் அடுப்பின் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுக் கட்டுங்கள். கேஸ் குப்பியை அடுப்பிலிருந்து கழற்றி மூடி போடுங்கள். கரடி ஸ்பிரேயை விமான அறைக்குள் வெறுமனே போட்டு வைப்பது ஆபத்து. அது கசிந்தால் விமானிக்குக் கண் தெரியாது, மூச்சும் முட்டும். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப்புகாத இரும்புப் பெட்டியில் பூட்டித்தான் ஏற்ற வேண்டும். கருங்கரடிகள் உள்ள காடு இது. எனவே சாப்பாட்டைக் கூடாரத்திலோ விமானத்திலோ இரவில் வைக்காதீர்கள். விமானத்தின் மெல்லிய கதவு கரடிக்குத் தடையே இல்லை.

உயிர்காக்கும் பொருட்கள் உடம்போடு இருக்க வேண்டும்: 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன், தீப்பெட்டி, கத்தி, காயக்கட்டு, விசில், தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை. இவை சட்டைப்பையிலோ மேல்சட்டையிலோ இருந்தால்தான் உதவும். எரிகிற விமானத்திலிருந்து வெளியே குதிக்கிறவர் பின் இருக்கையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருந்தால், தினமும் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தீமூட்டுவதில் இரண்டு எச்சரிக்கை. கோடையின் நடுவில் மாவட்டம் முழுக்கத் தீத்தடை வரலாம். பலகையைப் பார்க்காமல் மூட்டாதீர்கள். மூட்டலாம் என்றாலும் விமானத்திலிருந்து தள்ளியே மூட்டுங்கள். வெயிலில் நிறைந்த டேங்க் இறக்கைக்குக் கீழே உள்ள வென்ட் வழியே பெட்ரோல் சொட்டும், துணி போர்த்திய விமானத்துக்கு ஒரு பொறியே அதிகம். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகையால் பார்வை மங்குவதும், தீயணைப்பு விமானங்களுக்காக வான்வெளியை மூடுவதும் ஐடஹோவில் வழக்கம். கிளம்பும் காலையில் நோட்டாம் (விமானிகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்பு) பார்ப்பது அதனால் கட்டாயம். புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் ஸ்பிரிங்க்ளர் ஓடுதளத்திலேயே இருக்கலாம் என்பதால், இறங்கும் முன் ஒரு தடவை மேலே பறந்து பாருங்கள். மாலையில் மான்கள் மேய்வதும் அப்போதே தெரிந்துவிடும்.

யாருக்கு இது ஏற்றது? சொந்த விமானமோ, புல்தரையில் இறங்க அனுமதிக்கும் கிளப் விமானமோ இருப்பவர்களுக்கு. வாடகை விமானம் என்றால் காப்பீட்டுத் தாளைப் படித்துவிட்டு வாருங்கள். தார்போட்ட ஓடுதளத்துக்கு மட்டும் என்று எழுதியிருப்பது சகஜம். பெரிய பலூன் டயர் தேவையில்லை, சாதாரண 6.00-6 டயரே போதும். சக்கரக் கவசத்தை மட்டும் கழற்றிவிடுங்கள், ஈரப்புல் உள்ளே அடைத்துக்கொள்ளும். முதல் தடவை மலைப்பறத்தல் பயிற்றுநர் ஒருவரோடு வருவது இந்தப் பயணத்தில் செலவழிக்கும் பணத்திலேயே உருப்படியானது. மெக்காலில் அப்படிப்பட்ட பயிற்சி கிடைக்கிறது.

இங்கே நன்றாக இறங்கிய உற்சாகத்தில் அடுத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு: 5,700 அடிக்கு மேல் உள்ள பிக் கிரீக் நியாயமான அடுத்த படி. கிழக்கே ஃபிராங்க் சர்ச் வனப்பகுதிக்குள் உள்ள சோல்ஜர் பார், டியூயி மூர், மைல் ஹை, வைன்ஸ் என்ற நான்கும் படியே அல்ல. 1980-இல் அந்த 23 லட்சம் ஏக்கரைப் பாதுகாத்த சட்டம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த விமான இறங்குதளங்களைத் தொடர விட்டது உண்மை. ஆனால் இந்த நான்கும் ஆண்டுக்கணக்காக அங்கேயே பறந்து பழகியவர்களுக்கானவை. ஜான்சன் கிரீக்கின் 3,400 அடி வெட்டிய புல் அவற்றுக்கான பயிற்சி ஆகாது.

ஐடஹோ அரசின் வானூர்திப் பிரிவுக்குப் பணம் பெருமளவு விமான எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. மெக்காலில் எரிபொருள் நிரப்பும்போதே நீங்களும் இதற்குக் கொஞ்சம் கொடுத்துவிடுகிறீர்கள். நன்கொடைக்குச் சில்லறை நோட்டும் கொண்டுபோங்கள். கிளம்பும் காலையில் கூடார முளைகளை எண்ணி எடுங்கள். எட்டு அடித்திருந்தால் எட்டும் கையில் வர வேண்டும். புல்லுக்குள் மறைந்து நிற்கும் ஒரே ஒரு முளை அடுத்து வருகிறவரின் டயரையோ, புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியையோ பதம்பார்த்துவிடும்.